கோரையில் எந்தக் கோரை?

கோபிப் பக்கம் ஈரத்தில் முளைத்தது எல்லாமே நமக்குக் கோரைதான். தடப்பள்ளி வாய்க்காலில் நெல் வைக்கிறவரும், மேட்டில் மஞ்சள் போடுகிறவரும் ஒரே பேரைச் சொல்லித்தான் திட்டுறாங்க. பேர் ஒன்று என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே களைக்கொல்லி டப்பா. சிக்கல் அங்கேதான்.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்க. மூன்று விளிம்பு தட்டுப்பட்டு, கணுவும் இல்லையென்றால் கோரை இனம். புல்லுக்குக் கணு உண்டு, தண்டு உருளும். வங்கியில் கையெழுத்து ஒப்பிட்டுப் பழகிய எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

அடுத்து, வேரோடு பிடுங்கணும். மஞ்சள் தோட்டத்தில் வருவது கிழங்குக் கோரை. கறுத்த கிழங்குகள் சரம்போல் கோத்திருக்கும், கிள்ளினால் வாசனை வரும். ஈரத்தில் உழுதால் சரம் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகும். கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிட வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் இது தலையெடுப்பது அபூர்வம்.

நெல்லில் வருவது வேறு ஆள். கிழங்கு இல்லை, வெறும் நார்வேர். பூங்கொத்து உருண்டை உருண்டையாக இருக்கும் ஒரு வகை, மஞ்சள் பழுப்பில் விரிந்திருக்கும் இன்னொரு வகை. இரண்டும் விதையால் பரவும். நட்ட ஒரு மாதத்திலேயே பூத்துவிடும் என்பதால் அதற்குள் கோனோவீடர் ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

விதிவிலக்கும் உண்டு. என் வடிகாலில் நிற்பதற்கு உருண்டைத் தண்டு, இலை என்று பார்க்க ஒன்றுமில்லை. அழுத்தினால் உள்ளே குறுக்குத் தடுப்புகள் நெருடும். பூ நுனியில் இருக்காது, தண்டின் பக்கவாட்டில், அடிப்பக்கமாகக் கொத்தாக ஒட்டியிருக்கும். இதுவும் கோரைக் குடும்பம்தான். குளம், குட்டை, தேங்கிய பள்ளம் இதன் வீடு.

பக்கத்துக் காட்டுக்காரர், "ஏனுங்க, மருந்தடிச்சுப் போடலாமுங்களா?" என்றார். செடி கருகும், தேங்கல் அப்படியே இருக்குமுங்க என்றேன். அந்த மருந்து கடைசியில் கீழ்மடைக்காரர் வயலுக்குத்தான் போகும். மண்வெட்டியால் வடிகாலைத் தாழ்த்தினோம், தண்ணீர் ஓடியது. இப்போது பள்ளத்தில் மட்டும் ஒரு புதர் நிற்கிறது. அதை விட்டுவைத்திருக்கிறோம்.

கரூர்ப் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்கோரையைப் பயிராகவே வைக்கிறார்கள். பத்தமடைப் பாயும் கோரைதான்.

சந்தேகம் இருந்தால் பூவோடும் வேரோடும் பிடுங்கி, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவையுங்க. எடுத்த இடம், தண்ணீர் நின்ற ஆழம், தேதி மூன்றையும் அதன் மேலேயே எழுதிடுங்க.