சீருடை விரும்பும் பிள்ளைகளுக்கு எந்தச் சண்டைக்கலை?

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் பலர் பொலிஸிலோ இராணுவத்திலோ சேர விரும்புவதும், அதற்கு முன்னேற்பாடாக ஏதேனும் ஒரு சண்டைக்கலையில் சான்றிதழ் வாங்கிவிடும்படி பெற்றோர் அவர்களை நெருக்குவதும் இப்போது சாதாரணமாகிவிட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அந்தக் குறையைச் சுமந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அரச சீருடையை ஆசையோடு நோக்குவதில் வியப்பில்லை. தமிழில் முறைப்பாட்டைக் கேட்டெழுத ஒருவர் பொலிஸ் நிலையத்தில் இருக்கவேண்டும் என்பது நம் எல்லோருடைய விருப்பமுமாகும். ஆனால், சினிமாவில் கண்ட சாகசத்துக்காகவும், பக்கத்து லயத்துப் பையன் சேர்ந்துவிட்டான் என்பதற்காகவும் பயிற்சியைத் தெரிவு செய்துகொண்டு, காலத்தையும் காசையும் விரயமாக்குகிறவர்களைக் காணும்போது சும்மா இருக்க முடியவில்லை.

சிப்பாயின் தேவை வேறு, பொலிஸ்காரரின் தேவை வேறு என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். துப்பாக்கியும் தோட்டாக்களும் தலைக்கவசமும் சுமந்து, களைத்த சரீரத்தோடு எதிரியை நெருங்கும் சிப்பாய்க்கு, விழாமல் நிற்பதும், விழுந்தால் எழுவதும், ஆயுதத்தைப் பறிகொடாமல் தோழர் வந்து சேரும்வரை எதிரியைப் பிடித்து வைத்திருப்பதுமே வித்தையின் சாரம். ஏவுகணை யுகத்தில் கைச்சண்டை எதற்கு என்று கேட்போர், 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனச் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டாமல் தடியாலும் கல்லாலும் கையாலும் மோதிக்கொண்டதையும், இந்தியத் தரப்பில் மாத்திரம் 20 பேர் மாண்டதையும் நினைத்துப் பார்க்கட்டும். பொலிஸ்காரருக்கோ எதிரி என்று ஒருவனும் இல்லை. குடித்துவிட்டுக் கலகம் செய்கிறவனும் இந்நாட்டுப் பிரஜையே. சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ஆகவே, காயப்படுத்தாமல் பிடித்து விலங்கிடும் திறமையே அவருக்கு வேண்டியது. அந்தப் பிடியிலும் நிதானம் தவறினால் விளைவது என்ன என்பதை, 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் கழுத்தின் மீது ஊன்றிய ஒரு பொலிஸ்காரரின் முழங்கால் ஜோர்ஜ் ஃபுளொய்டின் உயிரைக் குடித்தபோது உலகம் கண்டது.

குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்தம் ஆகியவற்றின் பெருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாடசாலைகளுக்கான ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டி 1914ஆம் ஆண்டு முதல் வருவது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் நம் நாட்டுக்குத் தங்கம் கொணர்ந்த பார்னி ஹென்ரிகஸ் குத்துச்சண்டை வீரரே. அடி விழும்போது கண்ணை மூடாதிருக்கப் பழக்குவதில் அதற்கு நிகரில்லை. ஆயினும் கையுறையின்றி மண்டையில் குத்துகிறவனுடைய விரலெலும்பே முதலில் முறியும். மாரியம்மன் திருவிழாவில் சிலம்பம் சுற்றும் பெரியவர் உங்கள் தோட்டத்தில் இருப்பாராயின், அவரிடம் கால்வைப்பைக் கற்பது பிற்காலத்தில் பொலிஸ் கைத்தடிக்கு உதவும். என் விருப்பத்தைக் கேட்டால், ஜூடோவுக்கே முதலிடம் தருவேன். ஜிகோரோ கானோ 1882இல் நிறுவிய அக்கலையை டோக்கியோப் பொலிஸார் விரைவிலேயே தமதாக்கிக்கொண்டனர். ஷாங்காய்ப் பொலிஸில் பணியாற்றி, 1926இல் தம் சண்டைமுறையை நூலாக்கி, இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கொமாண்டோக்களுக்குக் கற்பித்த ஃபேர்பேர்னும் ஜூடோ பயின்றவரே. இஸ்ரேலியப் படையின் கிராவ் மகா சண்டைமுறையை வகுத்த ஈமி லிக்டென்ஃபெல்ட் இளமையில் மல்யுத்தமும் குத்துச்சண்டையும் பழகியவர். கொமாண்டோப் பயிற்சி என்று பெயர் சூட்டிச் சில வாரங்களில் விற்கப்படுகிறவை, இத்தகையோர் நெடுங்கால அப்பியாசத்திலிருந்து பிழிந்தெடுத்த சுருக்கங்கள். அடித்தளம் இல்லாதவனுக்குச் சுருக்கத்தால் பிரயோசனம் இல்லை.

இனி, நம் பக்கத்தில் மோகமாகவே பரவியிருக்கும் கராத்தே வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். ஒக்கினாவாத் தீவில் வளர்ந்து, 1922இல் ஆசான் ஃபுனகோஷியால் டோக்கியோவில் காட்டப்பட்டு, பின்னர் உலகெங்கும் சென்ற அக்கலையை இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஒருவரையொருவர் மெய்யாகவே தாக்கிப் பயிலும் ஆசான்மாரும் அதில் உண்டு. சனிக்கிழமை தோறும் மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வெற்று வெளியைக் குத்தவும் உதைக்கவும் கற்பித்து, மூன்று மாதத்துக்கொரு முறை கட்டணம் வாங்கிக்கொண்டு மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்று பட்டியை மாற்றிக் கட்டும் வகுப்பையே குறிப்பிடுகிறேன். கறுப்புப் பட்டியே கானோவின் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்த வழக்கம் என்பதைக்கூட அங்கே எவரும் சொல்லுவதில்லை. வகுப்புக் கட்டணம், சீருடை, பரீட்சைக் கட்டணம், சான்றிதழுக்குச் சட்டம் என்று, கொழுந்து பறித்துப் பேர் போடும் தாயின் சம்பளத்திலிருந்து இவையெல்லாம் கழிகின்றன. "சேர், பிளக் பெல்ட் கெடச்சா மகன பொலிஸ்ல எடுத்துக்குவாங்க தானே?" என்று கேட்கும் தகப்பன்மாருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே: களுத்துறையிலோ தியத்தலாவையிலோ பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே ஆதியிலிருந்துதான் கற்பிப்பார்கள், அன்று கேட்கப்படுவது அவனுடைய மூச்சும் காலும் பணிவுமேயன்றிப் பட்டியின் நிறமன்று.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம்; பொய்யான தைரியம் அதைவிடப் பெரிய நஷ்டம். எதிர்த்துத் திமிறும் ஒருவனை ஒருநாளும் பிடித்தறியாதவன், சட்டைக் கொலரை ஒருவன் பற்றியதும் திகைத்து நின்றுவிடுவான். என்னிடம் வந்த கறுப்புப் பட்டிக்காரப் பையன் ஒருவனை, எந்தக் கலையும் அறியாத, கொழுந்து மூட்டை தூக்கிப் பழகிய இன்னொரு பையன் விளையாட்டாக இடுப்போடு கட்டிப்பிடித்தபோது, அத்தனை வருஷம் கற்ற உதையில் ஒன்றுகூட அவனுக்கு உதவவில்லை. மேலும், தென்மேற்குப் பருவமழையில் வழுக்கும் நம் மலைப்படிகளில், சப்பாத்துக் காலை ஒருவனுடைய தலைமட்டத்துக்கு உயர்த்துகிறவன் தானே விழுவதற்கு வழி தேடுகிறான். விழக் கற்றுக்கொடுப்பதைத் தன் முதற்பாடமாகக் கொண்டது ஜூடோ.

ஆகவே, வகுப்பில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் ஒரு மாலைப் பொழுது அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடிக்கிறார்களா, பிடிபட்டவன் மெய்யாகவே எதிர்க்கிறானா, விழுவதற்கு மெத்தை உண்டா, தோற்றவனை ஆசிரியர் எவ்விதம் நடத்துகிறார் என்பவற்றைக் கவனித்தால் போதும். அதன்பின் பிள்ளையின் இயல்பை நோக்குங்கள். நீண்ட கையும் துரிதமான கண்ணும் உடையவனுக்குக் குத்துச்சண்டை பொருந்தும். மலையேறிப் பலத்த காலும் தாழ்ந்த உருவமும் உள்ளவர்களுக்கு, நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவ்வகையினரே, ஜூடோவோ மல்யுத்தமோ பொருந்தும். சட்டென்று கோபம் மூளும் பிள்ளைக்கு எந்தக் கலையைக் காட்டிலும் பொறுமையைப் போதிக்கும் ஆசான்தான் முதலில் வேண்டும். அப்படிப்பட்டவன் கையில் அதிகாரம் சேர்ந்தால் ஊருக்கே துன்பம்.

சீருடையே வேண்டாம் என்கிற பிள்ளையை, உத்தியோகம் என்ற ஒரே காரணத்துக்காக நிர்ப்பந்திப்பதும் தகாது. ஆசிரியத் தொழிலுக்கும் தாதித் தொழிலுக்கும் கணக்கியலுக்கும் பொருந்திய சுபாவம் படைத்தவர்களை மைதானத்தில் ஓடவிட்டு ஆண்டுகளை வீணாக்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எந்தத் துறையாயினும், அதில் தேர்ச்சியடைந்தவர்கள் சலிப்பூட்டும் அடிப்படைப் பாடத்தை நெடுங்காலம் சிரத்தையோடு திரும்பத் திரும்பச் செய்தவர்களே. பிள்ளை எதில் தோற்றாலும் மறுநாள் மனங்கோணாது அதற்கே திரும்பிப் போகிறதோ, அதுவே அதற்குரிய துறை. அதைக் கண்டுகொள்ளும் வரையில் பெற்றோர் அவசரப்படாதிருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.