மறுபடியும் வேலைக்கா? சேருமுன் சில குறிப்புகள்

ஓய்வுபெற்ற சில மாதங்களில் மனம் மாறி, மறுபடி வேலைக்குப் போகத் தோன்றுகிறதா? தாராளமாகப் போகலாம். ஆனால் மத்திய அரசில் குரூப் ஏ அதிகாரியாக இருந்தவர்கள், ஓய்வுபெற்ற 1 வருடத்துக்குள் தனியார் நிறுவனத்தில் சேர முன் அனுமதி பெற வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது வருமான வரியில்தான். பென்ஷனும் சம்பளமும் ஒன்றாகக் கூட்டப்படும், நிலைக்கழிவு ஒருமுறைதான். உங்களுக்குப் பென்ஷன் வருவது புது நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால் வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். பிறகு மொத்தமாகக் கட்ட நேரும். சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். டெபாசிட் வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று வருடாவருடம் வங்கியில் கொடுக்கும் படிவத்தையும், வரி கட்டும் அளவுக்கு வருமானம் ஏறிவிட்டால் கொடுக்கக் கூடாது.

58 வயது முடிந்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர் மீண்டும் பி.எஃப்.பில் சேர்ந்தால், முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகாது; முழுவதும் பி.எஃப்.பிலேயே சேரும். சரியாகச் சேர்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

முக்கியமாக, ஆபீஸில் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று சொந்த பாலிசியை விட்டுவிடாதீர்கள். வேலையை விட்டதும் ஆபீஸ் காப்பீடும் போய்விடும். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கலாம்.