காலையில் மட்டும் மிஸ் அடிக்கும் இன்ஜின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காலையில் முதல் ஸ்டார்ட்டில் செஸ்னா 172-இன் இன்ஜின் குலுங்குகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விமானப் பராமரிப்பு படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? விடக்கூடாது. தானாக ஒளிந்துகொள்கிற கோளாறைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

"மன்னார்புரத்தில் நிற்கும் என் புல்லட்டும் காலையில் முக்கித்தானே கிளம்பும், மாமா?" என்பாய். புல்லட் நின்றால் டிவிஎஸ் டோல்கேட் பக்கம் ஓரங்கட்டி டீ குடிக்கலாம். 500 அடி உயரத்தில் எங்கே ஓரங்கட்டுவாய்?

உன் கை உடனே பிளக் ஸ்பேனருக்குப் போகும் என்பதும் தெரியும். கொஞ்சம் பொறு. அந்த நான்கு சிலிண்டர் லைகமிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னெட்டோ. ஒரு பிளக் அழுக்கடைந்தாலும் இன்னொன்று சிலிண்டரை ஓட்டிவிடும். 1800 ஆர்.பி.எம்.மில் மேக்னெட்டோவை மாற்றி மாற்றிப் பார்: ஒரு பக்கத்தில் மட்டும் குலுங்கினால் பிளக்கையோ அந்த மேக்னெட்டோவையோ சந்தேகப்படு. சாவி இரண்டுக்கும் பொதுவில் இருக்கும்போதே ஒரே தாளத்தில் நொண்டினால் பிளக்கைத் துடைத்துப் பயன் பெரும்பாலும் இல்லை. ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் அதிகமாகப் போயிருந்தால் கறும்புகை கக்கிச் சில நொடியில் தெளிந்துவிடும். இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு என்றால் சூடேறிய பின்னும் ஐடிலிங்கில் தடுமாறும். உன் இன்ஜின் இரண்டிலும் சேரவில்லை.

எனக்கு எக்ஸாஸ்ட் வால்வு மீதுதான் சந்தேகம். அதன் தண்டு ஏறி இறங்கும் கைடுக்குள் ஆயில் கரிந்து, விமானப் பெட்ரோலில் உள்ள ஈயத்தின் கசடோடு சேர்ந்து படிகிறது. இரவெல்லாம் நின்று ஆறிய இன்ஜினில் இடைவெளி இறுகி வால்வு மாட்டிக்கொள்ளும். மூடாத வால்வில் கம்ப்ரஷன் ஏது? சூடேறியதும் விடுபடும், நீயும் நிம்மதியாகிவிடுவாய். இன்னொரு நாள் அடியோடு மாட்டினால் புஷ்ராடு வளையும், பறக்கும்போதே பவர் இறங்கும். திருச்சியில் ஏது குளிர் என்று தப்பிக்கப் பார்க்காதே. வெயிலில் நிறுத்தி நெடுநேரம் ஐடிலிங்கில் விட்டால் ஆயில் இன்னும் வேகமாகக் கரியும்.

நீ செய்யப்போகும் தவறு இதுதான்: நன்றாகச் சூடேற்றிவிட்டுக் கவுலிங்கைத் திறப்பாய். அதற்குள் தடயம் போயிருக்கும். குலுங்கும்போதே சிலிண்டர்வாரியாக எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பார். ஏறாமல் கிடப்பது எதுவோ அதுதான் ஆள். மீட்டர் இல்லையென்றால் குலுக்கம் அடங்குமுன் நிறுத்தி, சாவியை உருவி, ஒவ்வொரு எக்ஸாஸ்ட் பைப்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. எது சுரீர் என்று கொதிக்கவில்லையோ அதைக் குறித்துக்கொள். வீரம் காட்டி விரலை வைக்காதே. ப்ரொபெல்லரையும் தொடாதே, மேக்னெட்டோவின் எர்த் ஒயர் அறுந்திருந்தால் சாவி இல்லாமலே தீப்பொறி வரும்.

ஆள் சிக்கியதும் சிலிண்டரைக் கழற்ற ஓடாதே. லைகமிங்கின் 388-ஆம் எண் சர்வீஸ் புல்லட்டின்படி கைடின் இடைவெளியை அள. இறுகியிருந்தால் 1425-ஆம் எண் சர்வீஸ் குறிப்பில் சொன்னபடி, சிலிண்டரைக் கழற்றாமலே ரீமர் போட்டுச் சுத்தம் செய்யலாம். லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பக்கத்தில் இருக்கட்டும், நீ கற்றுக்கொள். ஃபில்டர் உள்ள இன்ஜினுக்கு 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்று. பளபளவென்று இருக்கிறதே என்று தள்ளிப்போடாதே.

"விமானத்தை நிறுத்தி வைத்தால் பைலட் கோபிப்பாரே?" கோபிக்கட்டும். எந்த சிலிண்டர், எத்தனை நிமிடம், ஆயில் வெப்பம் எவ்வளவு என்று எழுதிக் கையில் கொடு. பறக்கப்போவது அவர்தான், படித்ததும் அவரே இறங்கிவிடுவார்.

அன்புடன்,
உன் மாமா