பீரோவின் பூர்வீகம்

இரண்டாம் ஆண்டு மாணவன், பி.எஸ்சி. வேதியியல்

வேதியியல் படிப்பவனுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழுப்புரத்தில் ஓர் அலுவலகப் பெயர்ப் பலகையில் இருந்த ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டிப் ‘புரியு’ என்று படித்தேன். உடன் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “அது பியூரோ!” என்றார் ஒருவர். எனக்கு எதுவும் புரியவில்லை. கேட்கவும் நா எழவில்லை. மறுநாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். அட, நம் வீட்டுப் பீரோ!

பிரெஞ்சு மொழியில் ‘பூர்’ என்றால் முரட்டுக் கம்பளித் துணி. எங்கள் பனமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவர் தோளில் கிடக்கும் கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய துணியை எழுதும் மேசைமேல் விரித்தார்கள். நாளடைவில் துணியின் பெயர் மேசைக்கு ஆயிற்று. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கு ஆயிற்று. அறையின் பெயர் அங்கே வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஆயிற்று. ‘கார் அறுத்தான்’ என்பதில் கருமை நிறம் மேகமாகி, மேகம் பருவமாகி, பருவம் பயிரானதை மும்மடி ஆகுபெயர் என்று தமிழாசிரியர் சொல்லித் தந்தாரல்லவா? பாரிசிலும் அதே இலக்கணந்தான் நடந்திருக்கிறது!

பதினெட்டாம் நூற்றாண்டில் கூர்னே என்ற பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர், இச்சொல்லோடு ஆட்சி என்னும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து ‘பியூரோகிரசி’ என்றார். மேசைகளின் ஆட்சி! சாதிச் சான்றிதழுக்காக மேசை மேசையாக நின்றவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல் இழுப்பறை வைத்த எழுதுமேசையைக் குறித்தது. அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டியாயிற்று. நம் இரும்புப் பீரோ இதற்குத்தான் நெருங்கிய உறவு. அந்தத் துணிப் பெட்டியைப் பிரெஞ்சுக்காரர் ‘கொமோத்’ என்பார்கள். அச்சொல் ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்து எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் வீட்டில் பீரோ இருந்தது மூன்றே நாள். அக்கா கல்யாணத்துக்கு வாங்கி, சீரோடு வண்டியேற்றி அனுப்பினோம். அதன் கடனை அப்பா கூலி வேலை செய்து இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். என் சான்றிதழ்கள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பளிக்கா இத்தனை வட்டி கட்டறேன்?” என்றார்.