வயற் சிலந்தி எதைத் தின்கிறது?

கல்லடியில் குடியிருந்துகொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் குடும்பங்கள் பல. வாசகர்களே, வயலில் இறங்கும்போது காலடியில் விரைந்தோடும் எட்டுக்காற் பூச்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நஞ்சுப் பூச்சியென்று மிதித்தும் இருப்பீர்கள்.

நஞ்சு உண்டென்பது மெய்யே. அநேகமாக எல்லாச் சிலந்திகளுக்கும் அது உண்டு. ஆனால் அது பூச்சியை மடக்குவதற்கான நஞ்சு. வயற் சிலந்தி கடித்தால் நமக்குச் சிறிது நேரம் கடுக்கும், அவ்வளவுதான். இரையை மென்று விழுங்கச் சிலந்தியால் இயலாது. நஞ்சேற்றி அடக்கிய பின், தன் செரிமான நீரால் அதன் உடலைக் கரைத்துக் கஞ்சிபோல் உறிஞ்சிக்கொள்கிறது.

நெல்வயலில் முக்கியமானது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓடியோடி வேட்டையாடும். நம் கமக்காரரைக் கலங்கவைக்கும் அறக்கொட்டி, அதாவது கபிலநிறத் தத்தி, சாறு குடிப்பதும் அதே இடத்திலேதான். ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான பூச்சிகளைத் தின்னும். தண்டு துளைப்பானின் அந்துப் பூச்சியையும் விடாது. பசி மிஞ்சினால் தன் இனத்தையே தின்னும். சாதுப் பிராணி என்று நான் சொல்லவரவில்லை!

விதைத்த புதிதில் தத்திகள் அதிகமிராது. அப்போது, நீரில் மக்கும் தாளடியிலிருந்து வெளிவரும் சிறு ஈக்களைத் தின்றே சிலந்திகள் பெருகுகின்றன. அந்த நாட்களில் அவசரப்பட்டு மருந்து அடித்தால் நடப்பது என்ன? சிலந்தி சாகிறது. இலையுறைக்குள் இட்ட அறக்கொட்டியின் முட்டைகள் தப்பிவிடுகின்றன. ஒரு பெண் தத்தி இருநூறு முட்டைகளுக்கு மேலும் இடக்கூடியது. ஒரு கிழமை, பத்து நாளில் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. பின்பு வேளாண்மை வட்டம் வட்டமாக எரிந்தாற்போல் காயும். கடன்பட்டு மீண்டும் மருந்து வாங்கவேண்டும். இந்தோனேசியாவில் இப்படியே சேதம் பெருகி, 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பாவிக்கக்கூடாதென்று தடுத்தது.

ஆகவே மருந்துக் கடைக்குப் போகுமுன் வயலுக்குள் இறங்குங்கள். பல இடங்களில் பயிரை விலக்கி அடியைப் பாருங்கள். தத்திகளை எண்ணும்போது சிலந்திகளையும் எண்ணுங்கள். எண்ணிக்கையைச் சொல்லி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். வெட்டு முடிந்ததும் வரம்புப் புல்லையும் வைக்கோலையும் கொளுத்திவிடாதீர்கள். முட்டைப் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டும், குஞ்சுகளை முதுகிற் சுமந்துகொண்டும் தாய்ச் சிலந்திகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.