பேய்க்கு ஒரு விவாகரத்து

கே: பெங்களூரில் பழைய வீட்டுக் கதவுகளில் ‘நாளே பா’ என்று எழுதியிருப்பது பைபிள் காலத்து வழக்கம் என்கிறார் என் மைத்துனர். நிஜமா? (வாசகர், அல்சூர்)

ப: உங்கள் மைத்துனருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். 1990-களில் கிளம்பிய புரளி அது. ராத்திரியில் ஒரு பெண் பேய் வரும், அம்மா குரலில் கூப்பிடும், கதவைத் திறந்தால் ஆள் காலி. ‘நாளைக்கு வா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாள் வந்து மறுபடியும் அதையே படிக்கும். 2018-இல் வந்த ‘ஸ்திரீ’ இந்திப் படம் இந்தக் கதையைத்தான் சந்தேரிக்குக் கடத்திக்கொண்டு போனது. இந்த ஊரில் இருப்பவர்கள் கன்னடம் படியுங்கள் என்று நான் கெஞ்சாத மாதமில்லை. பேய் கேட்டிருக்கிறது!

பைபிள் இல்லை; ஆனால் வாசலில் எழுத்தை வைத்துப் பேயைத் தடுப்பது பழைய வழக்கம்தான் என்பதால், மைத்துனருக்குப் பாதி மார்க் போடலாம். இன்றைய இராக்கில் உள்ள நிப்பூரில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோண்டியபோது மண் கிண்ணங்கள் கிடைத்தன. கி.பி. 5 முதல் 8-ஆம் நூற்றாண்டு வரை புழங்கிய சரக்கு. உள்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக அரமேய எழுத்து. சிலவற்றில் நட்டநடுவில் சங்கிலி பூட்டிய பேயின் படம். வாசற்படிக்கு அடியில் கவிழ்த்துப் புதைப்பார்கள். யூதர் வீட்டில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து வீடுகளிலும்.

எழுதியிருப்பது என்ன தெரியுமா? சில கிண்ணங்களில் விவாகரத்துப் பத்திரம்! லிலித் என்ற பெண் பேய் வீட்டுக்காரரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று வைத்துக்கொண்டு, யெகோசுவா பர் பெரகியா என்ற ரபியின் பெயரால் அவளைத் தள்ளிவைக்கிறார்கள். ஆள் மாறாட்டம் ஆகாமலிருக்க வீட்டுக்காரரை இன்ன தாயின் மகன் என்று குறிப்பார்கள். ‘நாளே பா’ வெறும் வாய்தா, இது டிக்ரி.

கே: பேயை விரட்டக் கிறிஸ்தவர்களுக்குச் சிலுவை போதாதா? (அதே வாசகர்)

ப: போதும் என்றுதான் 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் தொண்டை கிழியக் கத்தினார். அவர் சபை ஜனங்களோ, தலையிலும் காலிலும் அலெக்சாண்டர் உருவம் பொறித்த செப்புக் காசைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேய்க்கும் கிரேக்கச் சக்கரவர்த்திக்கும் என்ன வாய்க்கால் தகராறோ!

கே: தோபித்து ஆகமத்தில் மீன் ஈரலைச் சுட்டுப் பேயை விரட்டினார்களாமே, அது எந்த மீன்? (வாசகி, சிவாஜிநகர்)

ப: டைகிரிஸ் ஆற்று மீன். பெயர் போடவில்லை. இதயத்தையும் ஈரலையும் தூபத்தில் போட்டதும், ஏழு மாப்பிள்ளைகளைக் கொன்ற அஸ்மோதேயுஸ் என்ற பேய் எகிப்துவரை ஓடியது. ரஸ்ஸல் மார்க்கெட் உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் அபார்ட்மென்டில் முயன்றால், பேய்க்கு முன்னால் அசோசியேஷன் செக்ரட்டரி வந்து கதவைத் தட்டுவார்.