ஏசி போர்டுக்கு எதற்கு வார்னிஷ்?

கேள்வி: பழுதான ஏசி போர்டைச் சரிசெய்து கொடுத்தவர், மேலே வார்னிஷ் மாதிரி ஏதோ பூசியிருக்கிறார். வாஷிங் மெஷின் போர்டிலோ முழுக்கக் கோந்து ஊற்றி மூடியிருக்கிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: போர்க்களத்திலிருந்து. இரண்டாம் உலகப் போரில் நியூ கினி, சாலமன் தீவுகளின் காடுகளுக்குப் போன அமெரிக்க ராணுவ ரேடியோக்கள் குண்டு படாமலேயே செத்துப்போயின. ஈரமும் பூஞ்சையும்தான் காரணம். வயர்களைச் சுற்றியிருந்த பருத்தி நூலே பூஞ்சைக்குத் தீனி. ரிலே முனைகளையும் வால்வு சாக்கெட்டுகளையும் டேப் ஒட்டி மறைத்து, அகச்சிவப்பு விளக்கில் உள்ளே காயவைத்து, பூஞ்சைக்கொல்லி கலந்த வார்னிஷை ஸ்பிரே செய்தார்கள். முடித்த பெட்டியில் ‘எம்எஃப்பி’ (ஈரம், பூஞ்சைத் தடுப்பு) என்று முத்திரையும் தேதியும் குத்தினார்கள். இன்று நாம் பார்க்கும் சர்க்யூட் போர்டு பரவலாகும் முன்பே அதற்கான பூச்சு வந்துவிட்டது.

ஊற்றி மூடும் ‘பாட்டிங்’ அதற்கும் பழையது. மெழுகும் தாரும் ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில் எபாக்ஸி வந்தது. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946இல் பாசல் கண்காட்சியில் அரால்டைட் என்ற எபாக்ஸியை அறிமுகப்படுத்தியது. வாஷிங் மெஷினில் பெரும்பாலும் இருப்பது பாலியூரித்தேன். தண்ணீர், சோப்பு, அதிர்வு மூன்றையும் தாங்கும். ஆனால் உள்ளே ஒரு ரெசிஸ்டர் போனாலும் சுரண்டி எடுப்பதற்குள் போர்டே போய்விடும்.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஏசி போர்டில் பூச்சு அவசியம். இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே உப்பும் ஈரமும் படிந்தால், மின்னழுத்தத்தில் உலோகம் கரைந்து நகர்ந்து, கிளை கிளையாக வளர்ந்து, ஷார்ட் ஆகும். பூச்சு அந்த இடைவெளியை மூடுகிறது. ஆனால் பூசும் முன் சுத்தம் செய்வதுதான் பாதி வேலை. சால்டரிங்கில் மிஞ்சிய ஃப்ளக்ஸ் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். அழுக்கின் மேல் பூசினால் பூச்சு கொப்புளிக்கும், அடியிலேயே அரிக்கும். பழுதுபார்த்த போர்டுக்கு அக்ரிலிக் பூச்சுதான் என் பரிந்துரை: கரைப்பான் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும், மறுபடி வேலை பார்க்கலாம். பாத்ரூம் இடுக்கில் அடைக்கிற, வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கானைச் சிலர் போர்டில் பிதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அது காயும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம் செம்பையே அரித்துவிடும். எலக்ட்ரானிக்ஸுக்கென்றே அமிலம் விடாத சிலிக்கான் தனியாகக் கிடைக்கிறது.

போர்டை வாங்கும்போது, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டச் சொல்லுங்கள். பல பூச்சுகளில் ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் பூசிய இடம் நீலமாக மின்னும். ஐசி கால்களின் ஓரம் இருட்டாகத் தெரிந்தால், அங்கே இன்னொரு கோட் அடித்துத் தரச் சொல்லுங்கள்.